காமாலை இறங்கிவிட்டது, ஈரல் ஆறிவிட்டதா?



குழுக் கூட்டத்தில் மருத்துவச் செலவுக்கென்று கடன் கேட்கும் மனுக்களில் 'மஞ்சள் காமாலை' என்ற காரணத்தை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். ஐயாயிரமோ பத்தாயிரமோ உள்கடன் வாங்கி, நாட்டு மருந்து குடித்து, உப்பில்லாமல் சாப்பிட்டு, ஒரு மாதத்தில் கண்ணு வெளுத்ததும் "காமாலை இறங்கிடுச்சு" என்று வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பெரும்பாலும் அதோடு முடிந்தும் போகும். ஆனால் சில வீடுகளில் பத்து, பதினைந்து வருஷம் கழித்து அதே ஆளுக்கு வயிறு வீங்குகிறது, ரத்த வாந்தி வருகிறது. அப்போது கேட்கிற கடன் ஐயாயிரத்தில் நிற்பதில்லை. தாலிக்கொடி வரைக்கும் அடகுக்குப் போகிறது. நடுவிலே இருந்த அத்தனை வருஷமும் உள்ளே என்ன நடந்தது என்பதைத்தான் இந்த இதழில் பேசப் போகிறோம்.

வலிக்காத உறுப்பு

வலது பக்க விலா எலும்புக்குக் கீழே இருப்பது கல்லீரல். பெரியவர்களுக்கு ஒன்றேகால் கிலோவிலிருந்து ஒன்றரை கிலோ வரை எடை இருக்கும். சாப்பாட்டிலுள்ள சத்தைப் பிரிப்பது, சர்க்கரையைச் சேமித்து வைப்பது, கொழுப்பு செரிக்கப் பித்தநீர் சுரப்பது, காயம் பட்டால் ரத்தம் உறைவதற்கான பொருளைத் தயாரிப்பது, மருந்து, சாராயம் போன்றவற்றின் நஞ்சை முறிப்பது என்று எல்லாம் இதன் வேலை. வீட்டில் சமையல், தானிய இருப்பு, குப்பை அள்ளுவது எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்ப்பது போல. (அந்த ஆள் யாரென்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை!)

அந்த ஆளைப் போலவே ஈரலும் வாய் திறந்து சொல்லாது. ஈரலின் சதைக்குள் வலி தெரியாது. ஒரு பகுதி கெட்டாலும் மீதிப் பகுதி வேலையை இழுத்துப் போட்டுச் செய்துவிடும். அதனால்தான் பாதிக்கு மேல் கெட்ட பிறகும் மனுஷன் சாதாரணமாக நடமாடுகிறான்.

ஈரலில் ஏற்படும் அழற்சியை, அதாவது புண்ணும் வீக்கமுமான நிலையை, டாக்டர்கள் ஹெபடைட்டிஸ் என்கிறார்கள். சில வாரத்தில் ஆறிவிட்டால் அது குறுகிய கால அழற்சி. ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட அழற்சி. கஞ்சி கொட்டிய கையில் தழும்பு விழுகிறதல்லவா, அதுபோல ஈரலிலும் புண் ஆறுகிற இடத்தில் தழும்பு விழும். ஒரு முறை புண்ணானால் ஈரல் திரும்ப வளர்ந்து சரிசெய்துகொள்ளும். அந்தத் திறமை அதற்கு உண்டு. ஆனால் வருஷக் கணக்கில் புண்ணும் தழும்புமாகவே இருந்தால் ஈரல் இறுகிக் கரடுமுரடாகிவிடும். இதைத்தான் சிரோசிஸ், ஈரல் சுருக்கம் என்கிறார்கள்.

காமாலை ஒரு நோய் அல்ல

இதை நாம் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். கண் மஞ்சளாவது ஓர் அடையாளம்தான். பழைய ரத்த அணுக்கள் உடையும்போது வரும் மஞ்சள் நிறப் பொருளை ஈரல் வெளியேற்ற முடியாமல் போனால் கண்ணும் சிறுநீரும் மஞ்சளாகும். பித்தப்பைக் கல் அடைத்தாலும் ஆகும்.

நம் ஊர்களில் மழைக்காலத்தில் கூட்டமாக வரும் காமாலை பெரும்பாலும் ஏ, ஈ என்ற இரண்டு வைரஸ்களால் வருவது. சாக்கடை கலந்த தண்ணீர், சுத்தமில்லாத சாப்பாடு வழியாகப் பரவும். மற்றபடி ஆரோக்கியமாக இருப்பவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும், தங்காது. கர்ப்பிணிகளுக்கு மட்டும் ஈ வகை உயிருக்கே ஆபத்து. மாசமா இருக்கிற பெண்ணுக்குக் கண் மஞ்சளாகத் தெரிந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும்.

தங்கிவிடுகிற வைரஸ்கள் பி, சி என்ற இரண்டு. இவை தண்ணீரில் வருவதில்லை, ரத்தத்தின் வழியாக வருகின்றன. பெரும்பாலானவர்களுக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. கொஞ்சம் அசதி, பசி மந்தம். "வேலை ஜாஸ்தி, அதான்" என்று நாமே காரணம் சொல்லிக்கொள்வோம். 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் 2 கோடியே 98 லட்சம் பேருக்கு பி வைரஸும், 55 லட்சம் பேருக்கு சி வைரஸும் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. இதில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது.

படிப்பு, பணம் இருப்பவர்களுக்கும் இதே கதைதான். நடிகர் அமிதாப் பச்சனுக்கு 1982-இல் 'கூலி' படப்பிடிப்பில் அடிபட்டபோது நிறைய ரத்தம் ஏற்றினார்கள். அதில் பி வைரஸ் வந்துவிட்டது. அது தெரியவந்தது ஏறக்குறைய இருபது வருஷம் கழித்து. அதற்குள் ஈரலின் முக்கால் பாகம் போய்விட்டது என்று அவரே மேடைகளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

பிறந்த முதல் நாள்

பி வைரஸைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு இந்த வைரஸ் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் நாள்பட்டதாகத் தங்கும். மற்றவர்களின் உடம்பு தானே அதை விரட்டிவிடும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றிய குழந்தைக்கோ நூற்றில் தொண்ணூறு பேருக்குத் தங்கிவிடும். பச்சைக் குழந்தையின் உடம்புக்கு அதை எதிரி என்று அடையாளம் காணத் தெரியாது. சண்டை போடாததால் காமாலையும் வராது. குழந்தை நன்றாகவே வளரும், படிக்கும், கல்யாணம் ஆகும். முப்பது, நாற்பது வயதில், குடும்பம் அவர்களை நம்பி நிற்கும் நேரத்தில், ஈரல் சுருங்கியிருப்பது தெரியவரும்.

அதனால்தான் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி. நம் பக்கத்தில் இதை 'மஞ்சள் காமாலை ஊசி' என்று சொல்கிறோம். அதன் பிறகு 6, 10, 14-ஆவது வாரங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியிலும் இது சேர்ந்திருக்கிறது. அந்த ஐந்து நோய் ஊசியை அரசுத் திட்டத்தில் நாட்டிலேயே முதலில், 2011 டிசம்பரில், ஆரம்பித்தது தமிழ்நாடும் கேரளாவும்தான். எல்லாம் இலவசம். "ஆறு வாரத்துல எப்படியும் போடப் போறாங்களே, இப்ப எதுக்கு" என்று பிறந்த அன்றைய ஊசியை விடக்கூடாது. தாய்க்கு வைரஸ் இருந்தால் அது குழந்தைக்குள் நுழைவது பிரசவ நேரத்தில். ஆறு வாரம் கழித்துப் பூட்டு போட்டால் திருடன் ஏற்கெனவே உள்ளே இருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை பிரசவம், தனியார் நர்சிங் ஹோம் பிரசவம், போகிற வழியில் ஆம்புலன்ஸிலேயே பிரசவம் என்றால் இந்த ஊசி விட்டுப்போக வாய்ப்புண்டு. பிரசவத்துக்குத் துணை போகிற பாட்டிமார்களும் அத்தைமார்களும் "மஞ்சள் காமாலை ஊசி போட்டாச்சா? அட்டையில எழுதியாச்சா?" என்று நர்சம்மாவிடம் கேட்க வேண்டும். கேட்பதில் வெட்கம் எதுவுமில்லை. தாய்க்கு வைரஸ் இருப்பது முன்பே தெரிந்தால், குழந்தைக்குத் தடுப்பூசியோடு எதிர்ப்புப் புரதம் கொண்ட இன்னொரு ஊசியும் முடிந்தவரை 12 மணி நேரத்துக்குள் போடுவார்கள். தாய்க்கு வைரஸ் அளவு அதிகமிருந்தால் கடைசி மூன்று மாதம் மாத்திரையும் தருவார்கள். இவ்வளவையும் செய்தால் அநேகமாக எல்லாக் குழந்தைகளையும் காப்பாற்றிவிடலாம். கர்ப்பகால ரத்தப் பரிசோதனையில் இதையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். ரிப்போர்ட்டில் 'எச்.பி.எஸ்.ஏ.ஜி.' என்ற வரியில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தட்டைத் தனியாக வைக்காதீர்கள்

இந்தப் பரிசோதனை பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நாங்கள் போன ஒரு கிராமத்தில் தலைப்பிரசவத்துக்கு இருந்த பெண்ணுக்கு பி வைரஸ் இருப்பது தெரிந்தது. செய்தி வீட்டுக்கு வந்த அன்றைக்கே தட்டும் டம்ளரும் தனியானது. சமைக்க விடவில்லை. "எங்கே போய் வாங்கிட்டு வந்தாளோ" என்று பேச்சு. கிராம சுகாதார செவிலியர் மூன்று முறை வீட்டுக்குப் போய்ப் பேசி, கணவருக்கும் பரிசோதனை எடுத்தார்கள். அவருக்கும் வைரஸ் இருந்தது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. இரண்டு பேருமே பிறந்தபோது அவரவர் தாயிடமிருந்து வாங்கியிருக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணைப் பேசிய வாய்கள் கணவருக்கு ரிசல்ட் வந்ததும் அடங்கிவிட்டன. அவருடைய தட்டை யாரும் தனியாக வைக்கவில்லை. அவருக்கு அப்படிச் செய்யாதது சரி, இவளுக்குச் செய்ததுதான் தப்பு.

ஒரே தட்டில் சாப்பிட்டால், சமைத்துப் போட்டால், கட்டிப்பிடித்தால், தும்மினால், ஒரே படுக்கையில் குழந்தையோடு படுத்தால் இந்த வைரஸ் பரவாது. தாய்ப்பால் கொடுக்கலாம். பரவுவது ரத்தத்தாலும், உடலுறவாலும், பிரசவத்தாலும். உலர்ந்த ரத்தத்தில்கூட இந்த வைரஸ் ஏழு நாளாவது உயிரோடிருக்கும் என்பதால் பிளேடு, சவரக்கத்தி, நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ் இவை மட்டும் ஒவ்வொருவருக்கும் தனி. வீட்டில் ஒருவருக்கு இருந்தால் கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் பரிசோதனை செய்து, இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். பெரியவர்களுக்கு முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என மூன்று ஊசி. 2011-க்கு முன்பு பிறந்த நம் பிள்ளைகளில் பலருக்குச் சின்ன வயதில் இந்த ஊசி கிடைத்திருக்காது.

திருவிழாவில் ஒரே ஊசியால் வரிசையாகப் பச்சை குத்துவது, மொட்டை போடுமிடத்தில் பிளேடு மாற்றாமல் அடுத்த தலைக்குப் போவது, காது குத்தும் ஊசி இதெல்லாம் ரத்தம் படுகிற இடங்கள். புது பிளேடை நம் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும்விட எங்களைக் கவலைப்பட வைப்பது "ஒரு ஊசி போட்டாத்தான் காய்ச்சல் விடும்" என்ற நம்பிக்கை. 2009-இல் குஜராத்தில் மொடாசா என்ற ஊரில், போட்ட ஊசியையே திரும்பத் திரும்பப் போட்டதால் பி வைரஸ் பரவிப் பல பேர் செத்துப்போனார்கள். மாத்திரையில் தீர்கிற காய்ச்சலுக்கு ஊசி கேட்காதீர்கள். தேவைப்பட்டால் புது ஊசியை உறை பிரிக்கிறார்களா என்று பாருங்கள்.

சி வைரஸுக்குத் தடுப்பூசி கிடையாது. ஆனால் மாத்திரையிலேயே அடியோடு குணமாகிறது. பெரும்பாலோருக்கு 12 வாரம் மாத்திரை, நூற்றில் 95 பேருக்கு மேல் வைரஸ் முழுவதும் போய்விடும். 2018-இல் ஆரம்பித்த தேசிய திட்டத்தில் இது இலவசம். பி வைரஸுக்கு மாத்திரை அடக்கி வைக்க மட்டும்தான், அடியோடு அழிப்பது அபூர்வம். தேவைப்படுகிறவர்கள் தினம் ஒன்று, வருஷக் கணக்கில் சாப்பிட வேண்டும். அதுவும் இதே திட்டத்தில் இலவசம். டாக்டர் சொல்லாமல் நடுவில் நிறுத்தினால் வைரஸ் வேகமாகத் திரும்பும்.

நம்மில் பலர் 1990-களில் பிரசவத்திலோ கர்ப்பப்பை ஆபரேஷனிலோ ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள். தானம் தந்த ரத்தத்தில் சி வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது அப்போது கட்டாயமாக இல்லை. அவர்கள் ஒரு தடவை பரிசோதித்துக்கொள்வது நல்லது.

வைரஸ் இல்லாமலும் வரும்

குடியைப் பற்றி உங்களுக்கு நாங்கள் பாடம் நடத்தத் தேவையில்லை. இரண்டு விஷயம் மட்டும். பீரோ பிராந்தியோ கள்ளச்சாராயமோ, ஈரலுக்கு உள்ளே போகிற ஆல்கஹால் எவ்வளவு என்பதுதான் கணக்கு. "கறி மீனோட நல்லாச் சாப்பிட்டுக் குடிச்சா ஒண்ணும் ஆகாது" என்பது குடிக்கிறவர்கள் சொல்லிக்கொள்கிற சமாதானம். அடுத்தது, ஈரலில் தழும்பு விழ ஆரம்பித்த பிறகும் குடியை விட்டால் பலன் உண்டு. ஆனால் தினமும் அதிகம் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தும்போது கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கும் ஆபத்து. வீட்டில் பூட்டி வைக்காமல் டாக்டர் மேற்பார்வையில் நிறுத்த வைக்க வேண்டும்.

குடியே தெரியாத பெண்கள் "ஸ்கேன்ல ஈரல்ல கொழுப்புன்னு போட்டிருக்கு, எனக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்கிறார்கள். சர்க்கரை நோய், வயிற்றுச் சதை, ரத்தக் கொழுப்பு இருப்பவர்களுக்கு ஈரலில் கொழுப்பு சேரும். எல்லோருக்கும் அது புண்ணாவதில்லை, சிலருக்கு ஆகும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே அழற்சி நன்றாகத் தணியும். 70 கிலோ இருப்பவர் 7 கிலோ. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து சர்க்கரை பார்க்கிறவர்கள் நம் குழுக்களிலிருந்து போன பெண்கள்தானே, அவர்களிடமே ஆரம்பிக்கலாம்.

உடம்பின் எதிர்ப்பு சக்தியே ஈரலைத் தாக்கும் ஒரு வகையும் உண்டு. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருவது. காசநோய் மாத்திரைகள் சிலருக்கு ஈரலைப் பாதிக்கும். வாந்தி, பசியின்மை, மஞ்சள் கண் தெரிந்தால் உடனே போய்ச் சொல்ல வேண்டும், பயந்து தானாக நிறுத்திவிடக் கூடாது. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் உண்டாகும் ஒரு நஞ்சு ஈரல் புற்றுநோயை வரவழைக்கும். பி வைரஸ் இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு. நல்ல கடலையை விற்றுவிட்டு, பொறுக்கி ஒதுக்கிய சொத்தைக் கடலையை வீட்டுச் சட்னிக்கு வைத்துக்கொள்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை விட வேண்டும்.

கீழாநெல்லி என்ன ஆச்சு?

எந்தக் கூட்டத்தில் பேசினாலும் இந்தக் கேள்வி வரும். கீழாநெல்லியை விஞ்ஞானிகள் ஒதுக்கிவிடவில்லை. சென்னையிலேயே ஆராய்ச்சி நடந்தது. பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் பி வைரஸ் உள்ளவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்துப் பார்த்து, 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்ததாக 1988-இல் லண்டனின் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பரிசு வாங்கிய பிளம்பெர்க்கும் அந்த ஆராய்ச்சியில் பங்கெடுத்தவர். ஆனால் பிறகு வேறு இடங்களில் கொடுத்துப் பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. அதனால் நாள்பட்ட பி வைரஸுக்குக் கீழாநெல்லியை மட்டும் நம்பி இருக்க முடியாது.

"எங்க அப்பாவுக்கு அதுலதானே சரியாச்சு" என்பீர்கள். ஏ வகைக் காமாலை எதைக் குடித்தாலும், எதுவும் குடிக்காவிட்டாலும் சில வாரத்தில் சரியாகும். மந்திரிக்கிறவரும், கண்ணில் சொட்டு விடுகிறவரும், கையைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவி "பாரு, மஞ்சள் இறங்குது" என்று காட்டுகிறவரும் பேர் வாங்குவது இதனால்தான். (மாம்பட்டைச் சாறு தடவிய கையைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவினால் யார் கையிலும் மஞ்சள் இறங்கும்.) பி வகையிலும் கண் வெளுத்துவிடும், ஆனால் உள்ளே வைரஸ் தங்கியிருக்கலாம். வித்தியாசத்தைக் காட்டுவது ரத்தப் பரிசோதனை மட்டுமே. காமாலை வந்த யாரானாலும் எந்த வகை என்று பார்த்துக்கொண்டு, பி என்றால் ஆறு மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும்.

முற்றினால்

ஈரல் சுருங்கிவிட்டால் ரத்தம் அதற்குள் போக வழியில்லாமல் பின்னால் தேங்கும். வயிற்றில் நீர் கோக்கும், கால் வீங்கும். உணவுக்குழாயின் நரம்புகள் புடைத்து, திடீரென வெடித்து ரத்த வாந்தி வரும், அல்லது மலம் தார் போலக் கறுப்பாகப் போகும். இதற்குக் காத்திருக்கக் கூடாது, உடனே 108. இன்னொரு அடையாளத்தை நம் ஊரில் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பகலெல்லாம் தூங்கி ராத்திரி முழித்திருப்பது, சம்பந்தமில்லாமல் பேசுவது, கை உதறுவது. குடித்திருக்கிறான் என்றோ காத்து கருப்பு என்றோ நினைப்பார்கள். ஈரல் முறிக்காமல் விட்ட நஞ்சு மூளைக்கு ஏறியதால் வருவது அது. மலச்சிக்கல் இருந்தால் அதிகமாகும். சிகிச்சை கொடுத்தால் தெளிந்துவிடும்.

ஈரல் புற்றுநோயும் ஆரம்பத்தில் வலிக்காது. பி வைரஸில் ஈரல் சுருங்காமலேகூட அது வரலாம். அதனால் டாக்டர் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுக்கச் சொன்னால், "நல்லாத்தானே இருக்கேன்" என்று விடக்கூடாது.

பத்தியம் என்ற பேரில் வெறும் மோர்சாதம் மட்டும் கொடுத்து ஆளை எலும்பும் தோலுமாக்கிவிடுகிறோம். வயிற்றில் நீர் இருந்தால் உப்பைக் குறைக்க வேண்டியதுதான், ஊறுகாய், கருவாடு, அப்பளம் கூடாது. ஆனால் பருப்பு, முட்டை, பயறு கட்டாயம் வேண்டும். ராத்திரி படுக்குமுன் ஏதாவது கொஞ்சம் சாப்பிட வேண்டும், வெகுநேரம் வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது.

பி, சி இரண்டுக்கும் முதல் பரிசோதனை ஒரு துளி ரத்தத்தில் அட்டையில் பார்ப்பது, சில நிமிடத்தில் தெரிந்துவிடும். வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்த நாளில் பார்க்கிறார்கள் என்று கிராம சுகாதார செவிலியரிடமோ 104 எண்ணிலோ கேட்கலாம். வைரஸ் இருப்பதாக வந்தால் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, வைரஸின் அளவு, எஸ்.ஜி.பி.டி., ஸ்கேன் பார்த்து, மாத்திரை இப்போதே வேண்டுமா, கண்காணித்தால் போதுமா என்று முடிவு செய்வார்கள். போகும்போது காப்பீட்டு அட்டையோடு பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். ஒவ்வொரு தடவையும் வந்த எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஈரல் ஆறுகிறதா, முற்றுகிறதா என்பது டாக்டருக்குத் தெரியும். குழுவின் பாஸ் புத்தகம் வைத்திருக்கும் அதே பையில் அவையும் இருக்கட்டும்.